அடைக்கோழி கொடுத்த சொல்

அந்தக் காலத்தில் கோழி பேசும், எறும்பு பேசும், மணலில் ஓடுகிற நண்டுகூட நின்று ரெண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் வளைக்குள் போகும். ஆனால் எல்லோரிடமும் எல்லாச் சொல்லும் கிடையாது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. ஒன்றை முதலில் யார் உணர்ந்தார்களோ, அதற்கான சொல் அவர்கள் வாயில் முளைக்கும். அடுத்தவர் அதைக் காதால் கேட்கலாம். கேட்ட மாத்திரத்தில் மறந்து போகும், மணலில் ஊற்றின தண்ணீர் மாதிரி. வேண்டும் என்றால் சொந்தக்காரரிடம் கேட்டு வாங்க வேண்டும். அதிலும் ஒரு சங்கடம் இருந்தது. கொடுத்தவர் வாயில் அப்புறம் அந்தச் சொல் தங்காது. பழத்தைக் கொடுத்தால் கை காலியாகிறது இல்லையா, அது போலத்தான்.

பசு ஒன்றுதான் சாமர்த்தியக்காரி. 'அம்மா' என்ற சொல்லை மனுஷருக்குக் கொடுக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு பாதியைத்தான் விட்டது. அதனால்தான் அதுவும் சொல்கிறது, நாமும் சொல்கிறோம். எறும்பு அதைவிடக் கெட்டி. எதிரே வருகிற எறும்பிடம் ஒரு நொடி நின்று என்னமோ சொல்லிவிட்டுப் போகிறதே, அந்தச் சொல்லை இன்றுவரை யாருக்கும் கொடுக்கவில்லை.

அப்பேர்ப்பட்ட காலத்தில், கடலுக்குக் கொஞ்சம் மேற்கே, செம்மண் தேரியில் ஒரு பனங்காடு இருந்தது. காற்று அடித்தால் மணல் எழும்பி இன்னொரு இடத்தில் போய் மேடாக உட்காரும். அங்கே இருந்த சனங்களுக்குக் கருப்பட்டி காய்ச்சுவதுதான் தொழில். ஆண்கள் பனை ஏறிப் பதனீர் இறக்குவார்கள். பெண்கள் ஓலைக் குடிசைக்குள் பெரிய அடுப்பு மூட்டி, அந்தப் பதனீரைப் பாகாகக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றுவார்கள். பாகு பதமாகிவிட்டதா என்று பார்க்க வேண்டுமே? அகப்பையில் கொஞ்சம் எடுத்து, கொதிக்கக் கொதிக்க விரலால் தொட்டு உருட்டிப் பார்ப்பார்கள். வருஷக்கணக்காக அப்படிச் செய்து செய்து அந்தப் பெண்களின் கை, பனை மட்டை மாதிரி ஆகிவிடும். சூடு உறைக்காது. அதில் அவர்களுக்கு ஒரு பெருமை.

அந்தச் சனங்களிடம் இதற்கு ரெண்டே சொல்தான் இருந்தது. ஒன்று, சுடுது. இன்னொன்று, குளிருது. அடுப்புக்கு ஒன்று, ஊற்றுத் தண்ணீருக்கு ஒன்று. அதற்கு மேல் அவர்களுக்குத் தேவைப்படவும் இல்லை, பேராச்சிக்குப் பிள்ளை பிறக்கிற வரைக்கும்.

பேராச்சி அந்தக் காட்டுக்கு வாழ வந்து ஆறு வருஷம். புருஷன் கொம்பையா நாளைக்கு நாற்பது பனை ஏறி இறங்குகிறவன். மரத்தின் உச்சியில் இருந்தால் பாட்டுப் பாடுவான், தரையில் இறங்கினால் வாய் திறக்க மாட்டான். அவனுக்கு மூத்தவள் பிச்சம்மாள். புருஷனை இழந்து தம்பி வீட்டோடு இருந்தாள். கருப்பட்டி காய்ச்சுவதில் அவளை அடிக்க அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. கொதிக்கிற பாகுக்குள் விரலை விட்டு எடுத்துவிட்டு, "இன்னும் ரெண்டு கொதி வரட்டும்ளா" என்பாள், குளத்தில் கை கழுவினது மாதிரி.

பேராச்சிக்கு ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் பிள்ளை பிறந்து மூன்றாம் நாள் போய்விட்டது. ஏன் போனது என்று யாருக்கும் தெரியவில்லை. பிறந்தது, குளிப்பாட்டினார்கள், உடம்பு சிவந்தது, பிறகு நீலம் பாய்ந்தது, போய்விட்டது. "அதுக்கு அவ்வளவுதான் எழுதியிருக்கு" என்று பிச்சம்மாள் மூக்கைச் சிந்தினாள். பேராச்சி எழுந்தாள். அடுப்பின் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

இப்போது ரெண்டாவது. பங்குனி பிறந்து பதனீர் பெருக்கெடுக்கிற நேரம். பத்தாம் மாசத்துக்குக் காத்திருக்காமல் ஏழாம் மாசத்திலேயே ஒரு காலையில் வந்துவிட்டான் பையன். பதனீர் குடிக்க ஓலையை மடித்துப் பட்டை பிடிப்பார்கள் இல்லையா, அந்தப் பட்டைக்குள் அடங்கிவிடுவான், அவ்வளவுதான் ஆள். அழுகைகூடச் சரியாக வரவில்லை. பூனைக்குட்டி மூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம்.

பிச்சம்மாள் தண்ணீர் போட்டாள். பெரிய பானையில் இருந்து மொண்டு, கையை விட்டுப் பார்த்தாள்.

"குளிருது. இன்னும் ரெண்டு செம்பு ஊத்தணும்."

"மைனி, ஆவி பறக்குதே" என்றாள் பேராச்சி, படுத்தபடியே.

"ஆவி என்னளா ஆவி. கையை உள்ளதான வச்சிருக்கேன்? சுட்டா எனக்குத் தெரியாதா?"

முதல் செம்பு காலில் விழுந்ததும் பிள்ளை உடம்பெல்லாம் ஒரு உதறு உதறியது. கால் கோவைப் பழம் மாதிரி சிவந்தது. பேராச்சி எழுந்து பாய்ந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"சுடுது மைனி! பிள்ளைக்குச் சுடுது!"

"சுடுதா? இரு, கொம்பையா, அந்த ஊத்துத் தண்ணியை எடுலே!"

கொம்பையா பதறிப்போய் மண்குடத்தைத் தூக்கி வந்தான். அதில் இருந்து ஊற்றினார்கள். பிள்ளையின் உதடு நாவல் பழ நிறத்துக்கு வந்தது. அந்தப் பூனைக்குட்டிச் சத்தமும் நின்றுபோனது. பேராச்சி பிள்ளையைத் தன் மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். அவளுக்கு அந்த நீலம் தெரியும். ரெண்டு வருஷமாக அவள் கண்ணை மூடினால் அந்த நீலம்தான்.

"சூடா வேணுமா, குளிரா வேணுமா? ஒண்ணைச் சொல்லு" என்றான் கொம்பையா.

"ரெண்டும் வேண்டாம்."

"ரெண்டும் வேண்டாம்னா தண்ணியே கிடையாதேளா!" என்றாள் பிச்சம்மாள். அவளுக்கு ஆத்திரம் இல்லை, பயம். பயந்தால் அவளுக்குக் குரல் உயரும்.

பேராச்சிக்கு எதுவோ தெரிந்தது. அவள் உடம்புக்குத் தெரிந்தது. ஆனால் வாயில் சொல் இல்லை. சொல் இல்லாதவள் ஊமையைவிட மோசம். ஊமைக்காவது சைகை உண்டு.

அந்தக் குடிசையின் மூலையில், கருப்பட்டி அடைக்கிற பழைய ஓலைக் கொட்டானில் ஒரு கோழி அடை உட்கார்ந்திருந்தது. சாம்பல் நிறம், அதனால் சாம்பி என்று பெயர். பதினொரு முட்டையின் மேல் உட்கார்ந்து பத்து நாளாகியிருந்தது. நாள் முழுக்க முட்டைகளிடம் ஒரே ஒரு சொல்லை முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். குடிசையில் எல்லோருக்கும் அந்த முணுமுணுப்பு கேட்கும், ஆனால் கேட்டதும் மறந்துவிடும். சேவலுக்கு மட்டும் அது பெரிய கேலி.

"ஏளா சாம்பி, முட்டைக்குக் காது உண்டாளா? யார்கிட்டப் பேசுத?" என்று வாசலில் நின்று கேட்கும். "நெஞ்சில இறகையும் பிடுங்கிப் போட்டுட்டு மொட்டையா உட்கார்ந்திருக்கா. வெளிய வந்தா என் மானம்லா போகும்."

அன்றைக்குச் சாம்பி சேவலுக்குப் பதில் சொல்லவில்லை. பேராச்சியைக் கூப்பிட்டது.

"ஏளா பேராச்சி, இங்க கொண்டா உன் பிள்ளையை."

"எதுக்கு?"

"கொண்டாளாங்கேன்ல. நேரம் இல்ல."

பேராச்சி கொட்டானின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். சாம்பி எழுந்தது. அடைக்கோழி முட்டையை விட்டு எழுவது லேசான காரியம் இல்லை. பகலில் ஒரே ஒரு தடவை, தீனிக்கும் தண்ணிக்கும் எழும், ஓடிப்போய்க் கொறித்துவிட்டு ஓடி வந்துவிடும். அப்படிப்பட்டது தானாக எழுந்து நின்றது. அதன் நெஞ்சுப் பக்கம் இறகே இல்லாமல், தோல் சிவந்து வெறுமையாக இருந்தது.

"பாத்தியா? நானே பிடுங்கினது. இறகு வழியா முட்டைக்கு ஒண்ணும் போய்ச் சேராது. எனக்கும் முட்டை எப்படி இருக்குன்னு தெரியாது. அதான். சேவல் சிரிக்கான். சிரிக்கட்டும். அவனா பொரிக்கப் போறான்?"

"சரி, சாம்பி. நான் என்ன செய்ய?"

"முட்டையை எல்லாம் நீ எடு. பிள்ளையை எனக்குக் கொடு."

பேராச்சி பதினொரு முட்டையையும் ஒவ்வொன்றாக எடுத்து மடிக்குள், சேலை மடிப்புக்குள் வைத்துக்கொண்டாள். பிள்ளையைக் கொட்டானில், வைக்கோல் மேல் கிடத்தினாள். சாம்பி அவன் மேல் பையப் பைய அமர்ந்து, ரெண்டு இறக்கையையும் விரித்து மூடிக்கொண்டது. தலை மட்டும் வெளியே தெரிந்தது. பிள்ளையின் தலையும் கோழியின் தலையும் பக்கத்தில் பக்கத்தில். கொம்பையா அதைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனான். சிரிப்பா அழுகையா என்று அவனுக்கே தெரியவில்லை.

"என் முட்டையைக் குளிர விட்டுராத. சுடவும் விட்டுராத" என்றது சாம்பி.

"எனக்கு எப்படித் தெரியும்?"

"தொட்டுப் பாரு."

பேராச்சி உள்ளங்கையில் ஒரு முட்டையை வைத்துப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. கல்லைத் தூக்கினது மாதிரி இருந்தது. ஆறு வருஷமாகப் பாகு உருட்டின கை, அதற்கு என்ன தெரியும்? விரலால் தடவினாள். தெரியவில்லை. அவளுக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைக்கக் கையை மடக்கினாள். மடியில் இருந்த ஒரு முட்டை உருண்டு முழங்கையில் வந்து ஒட்டி நின்றது.

பேராச்சி கையை அசைக்கவில்லை.

"சாம்பி... இங்கத் தெரியுது."

"எங்க?"

"முழங்கையில. கைக்குத் தெரியல. இங்கத் தெரியுது."

"தெரியும்ளா. அங்க நீ அடுப்பு வேலை எதுவும் செய்யலேல்லா. வேலை செஞ்ச கை பொய் சொல்லும். எனக்கு நெஞ்சு மாதிரி உனக்கு அந்த முழங்கை."

ஒரு நாழிகை ஆகியிருக்கும். பிள்ளையின் உதட்டில் இருந்த நீலம் கரைந்து போய், இளம் மாந்தளிரின் நிறம் வந்தது. வாயைத் திறந்து சப்புக் கொட்டினான். பேராச்சி மடியில் முட்டை அசையாமல் தலை குனிந்து கோழியைக் கும்பிட்டாள்.

"போதும், போதும். என் முட்டையைக் கொடு" என்றது சாம்பி. அதற்கும் கண் கலங்கியிருந்தது. கோழிக்குக் கண் கலங்கினால் ஒரு கண்ணை மூடிக்கொள்ளும்.

மறுநாள் பேராச்சியே எழுந்து, ரெண்டு பானைத் தண்ணீரையும் கலந்து, முழங்கையை விட்டுப் பார்த்துப் பார்த்துப் பிள்ளையைக் குளிப்பாட்டினாள். நன்றாக இருந்தான். மூன்றாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. எழுந்தால் தலை சுற்றுகிறது. பிச்சம்மாள்தான் தண்ணீர் போட வேண்டும்.

"சொல்லுளா, எப்படி வேணும்? நீ சொல்லுத மாதிரியே செய்யுதேன்" என்றாள் பிச்சம்மாள். உண்மையாகவே செய்வாள்தான். பேராச்சியின் தலையணைக்கு அடியில் வேப்பிலை வைத்தவளும் அவள்தான்.

"சுடக் கூடாது மைனி. குளிரவும் கூடாது."

பிச்சம்மாள் யோசித்தாள். தலையை ஆட்டினாள். போனாள். கொஞ்ச நேரத்தில் ரெண்டு கையிலும் ரெண்டு செம்போடு வந்தாள்.

"இந்தா, இது சுடாதது. இந்தா, இது குளிராதது. எதை முதல்ல ஊத்தணும்?"

ஒன்றில் ஊற்றுத் தண்ணீர். மற்றதில் அடுப்புத் தண்ணீர்.

பேராச்சி காய்ச்சலிலும் சிரித்துவிட்டாள். பிறகு அழுதாள். "ரெண்டையும் கலக்குங்க மைனி." பிச்சம்மாள் கலந்தாள். அவள் கலந்தது அவள் கைக்குச் சரியாக இருந்தது. பிள்ளை மறுபடியும் சிவந்தான். "சூட்டைக் குறைங்க" என்றாள். பிச்சம்மாள் குறைத்ததில் மறுபடியும் உதடு கறுத்தது. முழங்கையை விட்டுப் பாருங்கள் என்று சொல்லலாம், சொன்னாள். "பார்த்தேன். என்னமோ போல இருக்கு" என்றாள் பிச்சம்மாள். "சுடுதுன்னும் சொல்ல முடியல, குளிருதுன்னும் சொல்ல முடியல. அப்போ தப்புத்தானே? இன்னும் ரெண்டு செம்பு ஊத்துதேன்."

பாவம், அவள் சரியாகத்தான் கண்டுபிடித்திருந்தாள். கண்டுபிடித்ததற்குப் பேர் இல்லாததால் அதைக் கையில் வைத்துக்கொண்டே தவற விட்டாள். பேர் இல்லாத ஊருக்கு வழி கேட்க முடியுமா?

பேராச்சி பிள்ளையை எடுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து மூலைக்குப் போனாள்.

"சாம்பி, ஒண்ணு கேப்பேன். இல்லைன்னு சொல்லாத."

"பிள்ளையைக் கொண்டா, வச்சுக்கிடுதேன்."

"அது இல்ல. நீ எத்தனை நாளைக்கு எந்திரிப்ப? நாளைக்கு நான் எந்திரிக்கலேன்னா? நீ முட்டைகிட்ட ஒரு சொல்லு சொல்லுதியே, அதைக் கொடு."

வாசலில் நின்ற சேவல் கழுத்தை நீட்டி உள்ளே வந்தது.

"கொடுக்காத! ஏளா சாம்பி, கேட்டியா, கொடுக்காத! மனுசங்களுக்கு நன்றி ஏது? இன்னைக்குச் சொல்லைக் கேப்பாங்க, நாளைக்கு உன்னையே பிடிச்சுக் குழம்பு வச்சு, அந்தக் குழம்பு எப்படி இருக்குன்னு அதே சொல்லால சொல்லுவாங்க!"

"நீ கொஞ்சம் வாயை மூடு" என்றது சாம்பி. பிறகு ஒவ்வொரு முட்டையாக அலகால் புரட்டி வைத்தது.

"பேராச்சி, என்கிட்ட இருக்கிறது அதிகம் இல்ல. மயில் மாதிரி வகை வகையாச் சொல்லு கிடையாது. இந்த ஒண்ணுதான். உள்ள இருக்கிற குஞ்சுகிட்ட நான் பேசுறது இதை வச்சுத்தான். நான் இங்கதான் இருக்கேன், சுடல, குளிரல, பயப்படாத, வளரு அப்படின்னு எல்லாத்தையும் இந்த ஒண்ணுலதான் சொல்லுதேன். உனக்குக் கொடுத்துட்டா அதுங்ககிட்ட நான் என்ன சொல்ல? அம்மா பேச்சை நிப்பாட்டிட்டான்னு பயந்துராதா?"

பேராச்சி பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள். என்ன சொல்வாள்? அவளும் தாய். ஒரு தாயிடம் போய், உன் பிள்ளையிடம் பேசுகிற வார்த்தையைக் கொடு என்று கேட்பது எப்பேர்ப்பட்ட கேள்வி என்று அவளுக்குத் தெரியாதா? எழுந்திருக்கப் போனாள்.

"இருளா" என்றது சாம்பி. "முன்னாடி ஒண்ணு போச்சே, உனக்கு. அன்னைக்கும் நான் இந்த மூலையிலதான் இருந்தேன். நீ கேக்கல, நானும் சொல்லல. ரெண்டு வருசமா எனக்கு அது உறுத்திக்கிட்டே இருக்கு."

பேராச்சி கொட்டானின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"மூணு விசயம் கேப்பேன். சேவல் சொன்னதும் நியாயம்தான், அதனால கேக்கேன். அடை உட்கார்ந்திருக்கிற கோழியை யாரும் அடிக்கக் கூடாது."

"சத்தியமா அடிக்க மாட்டோம்."

"அந்தச் சொல்லைச் சோத்துக்கும் குழம்புக்கும் சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டோம். அதுக்கு 'ஆறிப்போச்சு'ன்னு சொல்லிக்கிடுதோம். உன் சொல்லு பிள்ளைத் தண்ணிக்கு. பிள்ளை பெத்தவ குடிக்கிற தண்ணிக்கு. நோயாளி பாலுக்கு. நடக்க முடியாதவங்க காலை நனைக்கிற தண்ணிக்கு. அவ்வளவுதான்."

"மூணாவது, அதைக் கத்திச் சொல்லாதீங்க. அது முட்டை ஓட்டுக்கு வெளியில இருந்து சொல்லுத சொல்லு. மெதுவாச் சொன்னாத்தான் உள்ள போகும்."

சாம்பி எழுந்து, பேராச்சியின் காதருகே தலையைக் கொண்டு போயிற்று. எத்தனையோ நாள் அந்த முணுமுணுப்பு அவள் காதில் விழுந்திருக்கிறது. இன்றைக்குத்தான் அது நெஞ்சில் இறங்கித் தங்கியது.

"வெதுவெதுப்பு."

அவ்வளவுதான். சாம்பி மறுபடியும் முட்டைகளின் மேல் உட்கார்ந்தது. வழக்கம் போல அவற்றிடம் சொல்ல வாயைத் திறந்தது. "க்ளக்" என்று வந்தது. இன்னொரு தடவை முயன்றது. "க்ளக், க்ளக்." தலையைச் சாய்த்துத் தன் குரலையே கேட்டது. பிறகு கண்ணை மூடிக்கொண்டது.

"மைனி" என்று கூப்பிட்டாள் பேராச்சி. கத்தாமல்தான் கூப்பிட்டாள். "தண்ணி வெதுவெதுன்னு இருக்கணும்."

பிச்சம்மாள் கையில் செம்போடு நின்றாள். உதட்டை அசைத்துச் சொல்லிப் பார்த்தாள். "வெதுவெது... வெதுவெதுன்னு." செம்பில் இருந்ததைக் கீழே கொட்டினாள். ரெண்டு பானையில் இருந்தும் மொண்டு கலந்து, முழங்கையை உள்ளே விட்டாள். அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் மாறியது. சூடும் இல்லை, குளிரும் இல்லை, ஆனால் தப்பும் இல்லை. இது ஒன்று. இதற்குப் பேர் உண்டு.

"இதாளா? இதானா?" என்றாள். "இது எனக்கு முன்னாடியே தெரியுமேளா! எங்க அம்மா வயித்துல இருக்கும்போது தெரிஞ்சது மாதிரி இருக்கு!"

பிள்ளையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டினாள். முதல் செம்பு ஊற்றினபோது அவன் உதறவில்லை. கையை விரித்தான். ரெண்டாவது செம்புக்குக் காலை நீட்டினான். மூன்றாவது செம்புக்கு, பிறந்து அன்றுவரை இல்லாத குரலில், குடிசை அதிர ஓவென்று அழுதான். சுட்டதால் இல்லை, குளிர்ந்ததால் இல்லை. அழுவதற்குத் தெம்பு வந்ததால். பனை உச்சியில் இருந்த கொம்பையாவுக்கு அது கேட்டது. அவன் பாட்டை நிறுத்திவிட்டு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான்.

பிச்சம்மாள் பிள்ளையைத் துவட்டிப் பேராச்சியிடம் கொடுத்தாள். பிறகு தன் ரெண்டு கையையும் விரித்து வைத்துப் பார்த்தாள். அவ்வளவு பெருமையாக வைத்திருந்த கை.

"ஏளா... முன்னாடி ஒண்ணு போச்சே." கையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டாள். "என் கையாலயாளா போச்சு?"

பேராச்சி பிள்ளையின் தலையைத் தடவினாள்.

"உங்க கையில பாசம் இருந்துச்சு மைனி. சொல்லுதான் இல்ல. நம்ம யாருகிட்டயும் இல்ல. இங்க வாங்க." பிச்சம்மாளின் கையை இழுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். முள்ளு முள்ளாக இருந்தது அந்தக் கை. ரெண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். பாகு அடிப்பிடிக்கிற வாசம் வந்தது. அன்றைக்கு யாரும் அடுப்புப் பக்கம் போகவில்லை.

காய்ச்சல் விட்டதும் பேராச்சி செய்த முதல் வேலை இது. பிள்ளைக்குத் தண்ணீர் கலந்ததும், முதல் கையளவு தண்ணீரை எடுத்துக் கொட்டானின் பக்கத்தில் தரையில் விட்டாள். சாம்பிக்கு மரியாதை. பிறகு குனிந்து, முட்டைகளுக்குப் பக்கத்தில் வாயை வைத்து மெதுவாகச் சொன்னாள்:

"வெதுவெதுப்பு. உங்கம்மா இங்கதான் இருக்கா. வெதுவெதுப்பு. பயப்படாதீங்க."

சாம்பி தலையைத் தூக்கிப் பார்த்தது.

"நீ சொல்ல முடியாட்டி என்ன? நீ கொடுத்த சொல்லுதான, உனக்காக நான் சொல்லுதேன். தினமும் சொல்லுதேன்" என்றாள் பேராச்சி.

சாம்பி "க்ளக்" என்றது. அவள் சொன்னபடியே, மிச்சமிருந்த நாள் முழுக்கத் தவறாமல் வந்து சொன்னாள். சேவல் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு நாள், "மனுசங்க எல்லாரும் ஒண்ணுபோல இல்லதான் போல" என்று சொல்லிவிட்டு, தான் அப்படிச் சொன்னது யாருக்கும் கேட்டுவிடக் கூடாதே என்று உடனே ஒரு கூவு கூவியது.

இருபத்தோராம் நாள் முட்டைகள் பொரித்தன. பதினொன்றில் ஒன்று கூமுட்டை. மற்ற பத்தும் குஞ்சாக வெளியே வந்தன. சாம்பி "க்ளக் க்ளக்" என்று கூப்பிட்டது. சொல் போய்விட்டதே, குஞ்சுகள் அடையாளம் கண்டுகொள்ளுமா என்று பேராச்சி குனிந்து பார்த்தாள். ஒரு குஞ்சு தள்ளாடி எழுந்து நின்று கேட்டது. நேராக ஓடிப்போய் அம்மாவின் மொட்டை நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. மற்ற ஒன்பதும் அதன் பின்னாலேயே ஓடின. அவற்றுக்குச் சொல் வேண்டியிருக்கவில்லை. அந்தச் சொல்லுக்குள் இருந்தது எதுவோ, அது அங்கேதான் இருந்தது.

பேராச்சியின் பையன் வளர்ந்தான். அப்பனைப் போலப் பனை ஏறினான். அவன் பிள்ளைகளைக் குளிப்பாட்டும்போதும் பிச்சம்மாள்தான் தண்ணீர் பார்த்தாள், முழங்கையால். அடுத்த காட்டுக்காரர்கள் வந்து கேட்டார்கள், அதற்கு அடுத்தவர்கள் வந்து கேட்டார்கள். மனுஷருக்கு மனுஷர் கொடுத்தால் சொல் குறையாது, அது ஒரு நல்ல காரியம். அப்படியே தேரி தாண்டி, ஆறு தாண்டி, நம் வீடு வரைக்கும் அது வந்து சேர்ந்தது.

அன்று முதல்தான் பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டுகிறவர்கள் முழங்கையை நனைத்துப் பார்க்கிறார்கள், அடைக்கோழியை யாரும் அடிப்பதில்லை, அது இன்றும் தன் முட்டைகளிடம் "க்ளக், க்ளக்" என்று, கொடுத்துவிட்ட ஒரு சொல்லின் இடத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறது, நாமும், எவ்வளவு பெரிய சண்டைக்கு நடுவில் என்றாலும், "தண்ணி வெதுவெதுன்னு இருக்கா?" என்று கேட்கும்போது மட்டும் நம்மை அறியாமல் குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம்.